மாவுப் பெட்டிக்குள் ஒரு பூனை

பல்தஸார் பண்டிதர் மடத்தில் சேர்ந்தபோது நாற்பத்தைந்து வயதைத் தாண்டியிருந்தார். அவருக்குக் குருவாக வாய்த்த கிரிஸ்பின் சாமியார் அவரைவிடப் பத்து வயது இளையவர். அது பல்தஸாருக்கு உறுத்தவில்லை. உறுத்தியது வேறு. குருவுக்குத் தொப்பை இருந்தது. பாடத்துக்கு நடுவே வாய்விட்டுச் சிரிப்பார். சமையற்கட்டில் உட்கார்ந்து அவரை விதை உரித்துக்கொண்டே ஞானம் பேசுவார். பல்கலைக்கழகத்தில் இருபது வருடம் தர்க்கம் சொல்லிக்கொடுத்த மனிதருக்கு இதெல்லாம் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

இது பழைய ஸ்பெயினில் நடந்தது. எந்தப் புத்தகமானாலும் அச்சுக்குப் போகுமுன் ஒரு துறவியோ பண்டிதரோ படித்துப் பார்க்க வேண்டும் என்று அங்கே சட்டம். படித்தவர் தம் கருத்தை ஒரு தாளில் எழுதுவார். தகும் என்றால் கருத்துக்குக் கீழே கையெழுத்து போதும். தகாது என்றால் 'அச்சிடத் தகாது' என்று ஒரு வரி சேர்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். அந்தத் தாள் இல்லாமல் எந்த அச்சுக்கூடத்திலும் எழுத்துக் கோக்க மாட்டார்கள். அந்த வட்டாரத்தில் இந்தப் பொறுப்பு கிரிஸ்பின் சாமியாரிடம் இருந்தது. அதைக் கற்றுக்கொள்ளத்தான் பல்தஸார் அவரிடம் வந்திருந்தார்.

முதல் புத்தகம் ஒரு நாடகக்காரியிடமிருந்து வந்தது. பெயர் தெக்லா. ராஜ குடும்பத்தில் ஒரு சாவு. துக்கம் என்று நாடகக் கொட்டகைகளை எல்லாம் மூடிவிட்டார்கள். மேடை போய்விட்டது, வயிறு போகவில்லை. ஊர் ஊராகப் போனபோது மனதில் கட்டிவைத்த கதைகளை எழுதிக் கட்டாகத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"ஒரே பிரதிதான் சாமி, பத்திரம். மாசக் கடைசி வரைக்கும்தான் அச்சுக்கூடத்துக்காரர் எனக்காகக் காத்திருப்பாராம். பக்கத்து ஊர்ல என் தங்கச்சி வீட்டுல இருக்கேன். நல்ல சேதியா சொல்லி அனுப்புங்க."

கிரிஸ்பின் கட்டை வாங்கி அப்படியே பல்தஸாரின் கையில் வைத்தார். "நீங்கள் பாருங்கள் பண்டிதரே. கையெழுத்தும் உங்களுடையதாகவே இருக்கட்டும்."

பல்தஸார் தம் பெயரை எந்தப் பொய்க்குக் கீழேயும் எழுதியவர் அல்ல. ஆகவே ஒழுங்காகப் படித்தார். பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டே படித்தார்.

முக்கால்வாசிக் கதைகள் விளையாட்டு. அதிலும் ஒன்று அவருக்குப் பொறுக்கவில்லை. அதில் கஸில்தா என்று ஒரு ரொட்டிக்காரி. தவக்காலத்தில் வெண்ணெயும் முட்டையும் ஆகாது என்று கோயிலில் முழங்கிவிட்டு, அந்த ஊர்ப் பங்குச்சாமி அவள் கடைப் பின்கட்டுக்கு வந்து பாதாம் அப்பம் தின்பார். ஒருநாள் தின்றுகொண்டிருக்கும்போது பங்குச்சாமிகளுக்கெல்லாம் தலைவரான ஆயர் வாசலில் வந்து நிற்கிறார். பங்குச்சாமிக்கு ஓட வழியில்லை. மாவுப் பெட்டிக்குள் இறங்கி மூடியைச் சாத்திக்கொள்கிறார். ஆயர் எதற்காக வந்தார் என்றால், அவரும் பாதாம் அப்பத்துக்காகத்தான்.

பெட்டிக்குள் நடந்ததைச் சொல்லும் வரிகளைப் பல்தஸார் திரும்பத் திரும்பப் படித்தார். கெட்டது என்று உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் படித்தார், வேறொன்றும் இல்லை. பிறகு பேனாவை மையில் நன்றாகத் தோய்த்து, ஒரு எழுத்துகூடத் தெரியாதபடி அந்த வரிகளை அடித்தார்.

கெட்டதை அடித்த பிறகு மிஞ்சியதில் பயன் ஏதாவது இருக்கிறதா என்று தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. தாளை எடுத்துக்கொண்டு குருவின் எதிரிலேயே உட்கார்ந்து கருத்தை எழுதினார்.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாம் பொழுதுபோக்கு என்கிறோமே, அந்த வேலைக்கு ஸ்பானியர்கள் வைத்திருக்கும் சொல் 'எந்த்ரெதெனேர்'. நம்முடைய சொல்லில் பொழுது போகிறது. அவர்களுடையதில் எதுவும் போவதில்லை. பிரித்தால் 'இடையில் பிடித்து வைத்திருத்தல்' என்று வரும். அவசரமாகப் போகிறவனைத் தெருவில் நிறுத்தி, பேச்சுக் கொடுத்துத் தாமதப்படுத்துவதற்கும் அதே சொல்தான். பல்தஸார் யோசித்து யோசித்து அந்தச் சொல்லைத்தான் எடுத்தார். மோட்சத்துக்குப் போகிறவனைக் கையைப் பிடித்து நிறுத்தும் வெட்டிப் பேச்சு என்பது அவர் கருத்து. அவர் எழுதிய வாக்கியம் இது:

'இந்த நூல் மனிதரைப் பிடித்து வைக்கும். அதைத் தவிர வேறெதுவும் செய்யாது.'

கீழே 'தகாது' என்ற வரியை எழுதுவதற்காக அவர் பேனாவை மைக்கூட்டில் விட்டபோது, கிரிஸ்பின் கையை நீட்டித் தாளை உருவிக்கொண்டார். படித்தார். முகம் மலர்ந்தது.

"நல்ல வாக்கியம்."

"முடியவில்லை சாமி. இன்னும் ஒரு வரி இருக்கிறது."

"படிக்கும்போது சிரித்தீர்களா?"

"இல்லை."

"சத்தமாகப் படித்தீர்களா?"

"நான் சத்தமாகப் படிக்கிற வழக்கம் இல்லை."

"இது காதுக்கு எழுதினது பண்டிதரே. கண்ணை மட்டும் சாட்சிக்கு வைத்துத் தீர்ப்பு எழுதுவது தர்க்கமா?" என்றபடி கிரிஸ்பின் தாளை மடித்து அங்கிக் கைக்குள் செருகிக்கொண்டார். "நம் ஆஸ்பத்திரியில் கேட்க ஆள் இருக்கிறது. போய்ப் படித்துக் காட்டிவிட்டு வாருங்கள். அந்த வரியைப் பிறகு எழுதலாம்."

தர்க்கம் என்று சொல்லிவிட்டதால் பல்தஸாரால் மறுக்க முடியவில்லை.

மடத்தை ஒட்டியே ஆஸ்பத்திரி. ஒரே நீளக் கூடம், இரண்டு பக்கமும் கட்டில்கள். கோடிக் கட்டிலில் ஹினேஸ் என்கிற கொத்தனார் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். கோயில் கட்டும் இடத்தில் கல் சரிந்து பாதம் நசுங்கிவிட்டது. பாதம் கறுத்து, கறுப்பு மேலே ஏறிக்கொண்டிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்தால் பிழைப்பான் என்றார் ரணவைத்தியர் லூகாஸ். ஹினேஸ் ஒரே சொல்லாக மாட்டேன் என்றுவிட்டான். ஒற்றைக் காலோடு சாரம் ஏற முடியாது. சாரம் ஏற முடியாத கொத்தனாருக்கு உயிர் எதற்கு என்பது அவன் வாதம். அதைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தவன்தான். அதற்குப் பிறகு யாரோடும் பேச்சு இல்லை.

பல்தஸாரும் அவனிடம் முன்பே பேசிப் பார்த்தவர்தான். துன்பத்தைத் தாங்குவது பற்றி, வேதசாட்சிகளின் உறுதி பற்றி, உடல் அழியக்கூடியது என்பது பற்றி நீளமாகவும் ஒழுங்காகவும் எடுத்துச் சொன்னார். ஹினேஸ் போர்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டான். அவன் மீது பல்தஸாருக்குக் கோபம் இல்லை. அவன் சாகப் போகிறான் என்பதும், தமக்குத் தெரிந்த எல்லா நூல்களும் அதற்கு உதவவில்லை என்பதும் அவரை வாட்டின. யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது அதே கூடத்தின் நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்து, நாடகக்காரியின் கதையைப் படித்தார். படித்தார் என்பதைவிட ஒப்பித்தார் என்பது சரி. ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை; கஸில்தாவும் பங்குச்சாமியும் ஒரே குரலில் பேசினார்கள். ஆனாலும் கட்டில்களில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்தார்கள். இருமல்காரக் கிழவர் ஒருவர் சிரித்துச் சிரித்து இருமினார். பல்தஸாருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சிரிப்பு அடங்கும் வரை பக்கத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

ஆயர் வாசலுக்கு வந்தார். பங்குச்சாமி பெட்டிக்குள் இறங்கினார். மூடி சாத்தியாயிற்று.

பல்தஸார் பக்கத்தைத் திருப்பினார். கறுப்பாக மை.

"இங்கே சில வரிகள் இல்லை," என்றார். "மறுநாள் காலை பங்குச்சாமி வழக்கம்போலப் பூசை வைத்தார். கதை முற்றிற்று."

கூடத்தில் பெரிய முணுமுணுப்பு எழுந்தது. இருமல்காரக் கிழவர் இதெல்லாம் நியாயமா என்று கேட்டார். அந்தச் சத்தத்துக்கு நடுவில், கோடியில் சுவரோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"பெட்டிக்குள்ள என்ன ஆச்சு?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஹினேஸ் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

பல்தஸார் எழுந்து அவன் பக்கம் போனார். "அது பயனில்லாத பகுதி மகனே. அதை அடித்துவிட்டோம்."

"யாரு அடிச்சது?"

"நான்தான்."

ஹினேஸ் திரும்பினான். கண் குழிந்து போயிருந்தது. "அப்ப உங்களுக்குத் தெரியும். மாட்டிக்கிட்டாரா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க சாமி."

மருந்துத் தட்டோடு நின்றிருந்த லூகாஸ் பொல்லாத ஆள். முப்பது வருடமாக நோயாளிகளோடு பேரம் பேசிப் பழகியவர். அவர் பேச்சில் நுழைந்தார்.

"சொல்வார்ப்பா. நாளைக் காலையில சொல்வார். நான் காலை எடுக்கிற நேரத்துல பக்கத்துல உக்காந்து சொல்வார். எடுக்க விடலேன்னா சொல்ல மாட்டார்."

"நான் அப்படி..." என்று ஆரம்பித்த பல்தஸாரின் காலை லூகாஸ் மிதித்தார்.

ஹினேஸ் போர்வையை விலக்கித் தன் கறுத்த பாதத்தைப் பார்த்தான். பிறகு, "பாதியில நிறுத்தக் கூடாது," என்றான்.

பல்தஸார் நேரே குருவிடம் ஓடினார். கிரிஸ்பின் சமையற்கட்டில் அவரை விதை உரித்துக்கொண்டிருந்தார்.

"சாமி, ஒரு கிறிஸ்தவன் கண்ணில் படக் கூடாது என்று நான் அடித்த வரிகளை நானே வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லாவிட்டால் அவன் காலை எடுக்க விடமாட்டான். நாளை விட்டால் தாமதமாகிவிடும் என்கிறார் லூகாஸ்."

"அடித்தது எதற்காக?"

"பயனில்லை என்று."

"அவன் எதற்காகக் கேட்கிறான்?"

"தெரியவில்லை சாமி. சாகத் துணிந்தவனுக்கு, ஒரு பங்குச்சாமி மாவுப் பெட்டியில் மாட்டிக்கொண்டால் என்ன, தப்பித்தால் என்ன?"

கிரிஸ்பின் ஒரு விதையை விரலில் உருட்டினார். "எனக்கும் தெரியவில்லை. நாளைக்குப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்களேன்."

மறுநாள் காலை, கூடத்தின் ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டார்கள். ஹினேஸை மேசைக்கு மாற்றினார்கள். இரண்டு குவளை திராட்சரசம் கொடுத்தார்கள். பல்லால் கடித்துக்கொள்ள ஒரு தோல்வாரைக் கொடுத்தபோது அவன் அதைத் துப்பினான்.

"இதை வாயில வச்சிக்கிட்டு நான் எப்படிக் கேள்வி கேக்கிறது?"

இரண்டு தடியர்கள் காலையும் இடுப்பையும் அழுத்திக்கொண்டார்கள். லூகாஸ் கையைக் கழுவிவிட்டு வந்தார். "சாமி, நீங்க ஆளைப் பிடிச்சு வச்சிக்கணும்," என்றார். அதே சொல்தான்.

பல்தஸார் அங்கிக் கையை மடித்துவிட்டு, ஹினேஸின் இரண்டு தோளையும் பலமாக அமுக்கினார்.

"அய்யய்ய, கையால பிடிக்க இவங்க இருக்காங்க. நீங்க உங்க பிடியைப் பிடிங்க." லூகாஸ் கத்தியால் புத்தகக் கட்டைக் காட்டினார்.

பல்தஸார் தோளை விட்டார். பழக்கத்தால் பக்கத்தைத் திறந்தார். தம் கையால் பூசிய கறுப்பு அவரைப் பார்த்தது. கட்டை மூடித் தரையில் வைத்தார். முக்காலியை ஹினேஸின் முகத்துக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பெட்டிக்குள்ளே இருட்டு," என்றார்.

"அது தெரியும். மேல சொல்லுங்க."

"ஆயர் உள்ளே வந்தார். அப்பம் இருக்கிறதா என்று கேட்டார். கஸில்தா ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்தாள். உட்கார நாற்காலி இல்லை. ஆயர் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார்."

"பெட்டி மேலயா!"

"மேலேயேதான். கனத்த சரீரம்."

லூகாஸின் கத்தி இறங்கியது. ஹினேஸின் கழுத்து நரம்புகள் புடைத்தன. கண்கள் பல்தஸாரின் முகத்தை விட்டு நகரவில்லை.

பல்தஸார் மனதுக்குள் கணக்குப் பார்த்தார். தெக்லா எழுதியது இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. ஆயர் தின்கிறார், பங்குச்சாமியின் மூக்கில் மாவு ஏறுகிறது, தும்முகிறார், பெட்டியில் பேய் என்று ஆயர் ஓடுகிறார், அவ்வளவுதான். தும்மிவிட்டால் கதை முடிந்துவிடும். லூகாஸ் ரம்பத்தையே இன்னும் எடுக்கவில்லை.

"மூக்கில் மாவு ஏறியது," என்றார் பல்தஸார். "தும்மல் வருகிறது. தும்மக் கூடாது. அசையவும் கூடாது. அசைந்தால் பெட்டி முனகும், ஆயர் மூடியைத் திறந்து பார்ப்பார்."

"தும்மிட்டாரா?"

"இல்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டார். அசையவே இல்லை."

"அசையல," என்றான் ஹினேஸ்.

லூகாஸ் ரம்பத்தை எடுத்தார். தடியர்களுக்குக் கண்ணைக் காட்டினார். அதைப் பல்தஸார் பார்த்தார். அவர் வாயில் சொல் எதுவும் மிச்சம் இல்லை. புத்தகத்திலும் இல்லை. தர்க்கத்திலும் இல்லை.

"அப்போதுதான் அந்தப் பூனை," என்றார்.

"எந்தப் பூனை?"

"பெட்டியின் மூலையில் குட்டி போட்டிருந்த பூனை. அது ஒரு தாய்ப்பூனை, பொல்லாதது. யாரோ தன் வீட்டுக்குள் வந்துவிட்டார்களே என்று சீறியது. இருட்டில் இரண்டு கண். மெதுவாக வந்தது. பங்குச்சாமியின் காலைத் தேடியது. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, இதோ, நகத்தைப் போட்டுவிட்டது!"

ரம்பம் எலும்பைத் தொட்டது.

ஹினேஸின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. பல்தஸார் இன்னும் குனிந்து, அவன் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டார்.

"பிராண்டுகிறது. விடவில்லை. இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒரு இழுப்பு. ஐயோ, என்ன வலி! மேலே ஆயர். கத்த முடியுமா?"

"முடியாது..."

"அசைய முடியுமா?"

"முடியாது. ஆயர் என்ன பண்றார்?"

"இன்னொரு அப்பம் எடுக்கிறார்."

"போதும்னு சொல்லுங்க அந்த ஆளை!"

"ருசித்துத் தின்கிறார். விரலை நக்குகிறார். கஸில்தா, இதில் ஏலக்காய் போட்டாயா என்று கேட்கிறார்."

"பூனை?"

"பூனை இன்னும் விடவில்லை. பங்குச்சாமி கண்ணீர் விடுகிறார். மாவில் கண்ணீர் விழுந்து அங்கேயே ரொட்டி பிசையலாம் போலிருக்கிறது. ஆனாலும் அவர் அசையவில்லை. பெரிய தீனிக்காரர்தான், ஆனாலும் தைரியசாலி. தவக்காலம் முழுக்க அவர் செய்யாத தவத்தை எல்லாம் அந்தப் பெட்டிக்குள் செய்கிறார்."

ஹினேஸின் முகம் கோணியது. அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாது. பல்தஸாரின் கன்னத்திலும் ஏதோ வழிந்தது. அவர் துடைக்கவில்லை. துடைத்தால் பேச்சு நின்றுவிடும். ஆயருக்கு இன்னும் ஒரு அப்பம் கொடுத்தார், இன்னும் ஒன்று கொடுத்தார், தாகம் என்று தண்ணீர் கேட்க வைத்தார். அந்த ஆயர் அன்று தின்ற தீனியை நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது.

"முடிஞ்சுது," என்றார் லூகாஸ்.

பல்தஸார் மூச்சை இழுத்தார். "பங்குச்சாமி தும்மினார்!"

தாமே தும்மிக் காட்டினார். கூடமே அதிர்கிற மாதிரி ஒரு தும்மல். "ஆயர் தட்டோடு பெட்டியிலிருந்து துள்ளிக் குதித்து, பேய் பேய் என்று அங்கியைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்!"

"தப்பிச்சிட்டாரு..." என்றான் ஹினேஸ். கண் செருகியது. மயக்கம்தான், வேறில்லை. லூகாஸ் கட்டுப் போட்டுக்கொண்டே, "நாடித்துடிப்பு நல்லா இருக்கு," என்றார்.

பல்தஸார் முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் தோள்கள் குலுங்கின. இருமல்காரக் கிழவர் பயந்துபோய் எட்டிப் பார்த்தார். பண்டிதர் சிரித்துக்கொண்டிருந்தார். நிறுத்தப் பார்த்தும் முடியவில்லை.

அதற்குப் பிறகு ஹினேஸுக்குக் காய்ச்சல் கண்டது. யாரும் சொல்லாமலே பல்தஸார் தினமும் போய் மற்றக் கதைகளைப் படித்தார். கஸில்தாவுக்குத் தனிக் குரல் வந்திருந்தது. காய்ச்சல் இறங்கிய அன்று ஹினேஸ் அவரிடம், "எல்லாம் சரி சாமி, அந்தப் பூனைதான் ரொம்பப் பொல்லாதது," என்றான். பிறகு, உட்கார்ந்தபடியே கல் செதுக்குகிற வேலை கோயிலில் இருக்குமா என்று விசாரித்தான்.

மாதக் கடைசியில் தெக்லா வந்தாள். பல்தஸார் அவளிடம் கறுப்புப் பக்கத்தைக் காட்டி, தலை குனிந்து நின்றார்.

"மன்னிக்க வேண்டும் அம்மா. எனக்கு மனப்பாடமாகத் தெரியும். சொல்கிறேன், திரும்ப எழுதிக்கொள்ளுங்கள்."

அவளுக்கும் தன் கதை மறந்திருக்காது. ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் எழுத உட்கார்ந்தாள். பாதியில் பேனா நின்றது.

"பூனையா? நான் பூனை எழுதலையே சாமி."

பல்தஸாருக்கு முகம் காதுவரை சிவந்துவிட்டது. அது தானாக வந்துவிட்டது, வேண்டாமென்றால் அடித்துவிடலாம் என்றார்.

"அடிக்கிறதா? இத்தனை வருஷம் மேடை ஏறியும் எனக்கு இது தோணாமப் போச்சே!" என்று அவள் மடமடவென்று எழுதினாள்.

அதே பகலில் பல்தஸார் குருவிடம் போனார். கிரிஸ்பின் வழக்கமான இடத்தில்தான் இருந்தார். பல்தஸார் எதிரே உட்கார்ந்து, கேட்காமலே ஒரு பிடி அவரையை எடுத்து உரிக்க ஆரம்பித்தார்.

"சாமி, அவன் பிழைத்தது லூகாஸின் கையால். கட்டிப் போட்டு அறுத்திருந்தாலும் கால் போயிருக்கும், உயிர் நின்றிருக்கும். கதையால் என்ன பயன் என்று எனக்கு இப்போதும் சொல்லத் தெரியவில்லை."

"அறுக்கும்போது ஹினேஸ் எங்கே இருந்தான்?"

"மாவுப் பெட்டிக்குள்."

"நீங்கள்?"

பல்தஸார் உரிப்பதை நிறுத்தினார்.

"நானும் அங்கேதான் இருந்தேன் சாமி."

அடுப்பில் ஏதோ கொதித்தது. கிரிஸ்பின் எழுந்து போய்க் கிளறிவிட்டு வந்தார்.

"என் தாளைத் திருப்பிக் கொடுங்கள்," என்றார் பல்தஸார். "அன்று தெரியாமல் எழுதிவிட்டேன். புதிதாக எழுதித் தருகிறேன். தெக்லா வாசலில் காத்திருக்கிறாள்."

கிரிஸ்பின் அங்கிக் கையிலிருந்து தாளை எடுத்தார். அதில் கொஞ்சம் எண்ணெய் பட்டிருந்தது. பேனாவையும் மைக்கூட்டையும் பக்கத்தில் வைத்தார்.

பல்தஸார் தாளைப் பிரித்து, அன்று தாம் எழுதிய வாக்கியத்தைப் படித்தார். இந்தத் தடவை வாய்விட்டுப் படித்தார்.

"இந்த நூல் மனிதரைப் பிடித்து வைக்கும், அதைத் தவிர வேறெதுவும் செய்யாது."

பேனாவை மையில் தோய்த்தார். முதல் சொல்லின் மேல் கொண்டுபோனார். எடுத்துவிட்டார். கடைசிச் சொல்லின் மேல் கொண்டுபோனார். அங்கேயும் வைக்கவில்லை. பேனா முனையில் மை உலர்ந்துவிட்டது.

"இதில் எதைத் திருத்துவது சாமி?"

"ஒன்றுமில்லை பண்டிதரே," என்றார் கிரிஸ்பின். "கையெழுத்து மட்டும்தான் பாக்கி."